களையோடு போன பயிர்

சாமைக் காட்டில் களை பறிக்கும்போது அடிக்கடி நேர்வது இது. களையின் வேரும் பயிரின் வேரும் மண்ணுக்குள் பின்னிக் கிடக்கும். களையைப் பிடித்து இழுத்தால் பக்கத்துச் சாமைப் பயிரும் மண்ணோடு பெயர்ந்து கைக்கு வந்துவிடும். அந்தப் பயிரில் நோய் கிடையாது, சொத்தை கிடையாது. களையை ஒட்டி முளைத்த ஒரே காரணத்தால் அதுவும் வரப்புக்குப் போகிறது.

இதே களையெடுப்பு சாமை மணிக்குள்ளும் நடக்கிறது. மணியின் டி.என்.ஏ. எழுத்துகளில் தலைமுறைதோறும் தீங்கான மாற்றங்கள் தோன்றுகின்றன. இயற்கை அவற்றைப் பறித்து எறிகிறது. எறியும்போது, பக்கத்தில் நன்மையும் தீமையும் செய்யாமல் இருந்த மாற்றங்களையும் சேர்த்தே எறிந்துவிடுகிறது. கொல்லிமலைச் சாமை மணி ஒன்றில் அப்படி ஓர் எழுத்து பிறப்பதாக வைத்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் கூடவே போய்ப் பார்ப்போம். எழுத்து நான் கற்பித்துக்கொண்டது, வழி உண்மையானது.

மணி

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலே விரியும் மேட்டுநிலம் அது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இங்கே நாடு நாடாகப் பிரிந்திருக்கின்றன: வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு என்று நீளும். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் நெல். மழையை மட்டும் நம்பிய சரிவில் கேழ்வரகு, தினை, சாமை.

சாமை என்று ஒரே பெயரில் சொன்னாலும் மலைக்காரர்களுக்கு அது பல பயிர். வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியசாமை, திரிகுலசாமை என்று தனித்தனியாகவே சொல்வார்கள். சாமை இந்த மண்ணிலேயே பயிரான தானியம். ஹரப்பா நாகரிகத்து மக்களும் அதை உண்டிருக்கிறார்கள். ஆயிரம் மணியைச் சேர்த்து நிறுத்தாலும் இரண்டு கிராம் அளவுதான் வரும். ஒரு ஹெக்டேருக்கு விதைக்கும் பத்துக் கிலோவில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் மணிகள் இருக்கும். அந்த ஐம்பது லட்சத்தில் ஒன்றுதான் நம் மணி.

அதன் ஒவ்வொரு செல்லிலும் 36 குரோமோசோம்கள். ஒன்பது கொண்ட தொகுப்பு நான்கு முறை அடுக்கியிருக்கும். செடியின் தண்டு நுனியில் செல்கள் பிரிந்து பிரிந்து, கடைசியில் கதிராகவும் பூவாகவும் ஆகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ. முழுவதையும் புதிதாகப் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கும்போது எப்போதாவது பிழை விழும். எவ்வளவு அபூர்வம் என்பதை, சாமையைப் போலவே தன் மகரந்தத்தால் விதைபிடிக்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் அளந்திருக்கிறார்கள். முப்பது தலைமுறை வளர்த்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, 2010இல் வெளியிட்ட கணக்கு இது: ஒரு தலைமுறையில் நூறு கோடி எழுத்துக்கு ஏழு பிழை.

அப்படி ஒரு பிழையில் பிறக்கிறது நம் எழுத்து. ஒரு மரபணுவின் நடுவில் ‘ஜிஜிசி’ என்று இருந்த இடம் ‘ஜிஜிடி’ என்று மாறுகிறது. இரண்டுமே கிளைசீன் என்ற ஒரே அமினோ அமிலத்தைக் குறிப்பவை. புரதம் மாறாது, செடியின் உயரம் மாறாது, சோற்றின் ருசியும் மாறாது. ஜப்பானிய அறிஞர் மோட்டோ கிமுரா 1968இல் சுட்டிக்காட்டியது இத்தகைய மாற்றங்களைத்தான். உயிர்களின் டி.என்.ஏ.வில் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதி நன்மை தீமை இரண்டும் அற்றவை. அவை பெருகுவதும் அழிவதும் தற்செயலின் கையில் இருக்கிறது என்றார். நடுநிலை மாற்றங்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

பயன் இல்லாத எழுத்துக்கு ஏன் இத்தனை கதை? அது ஒரு பதிவேடு. எந்தக் காட்டுச் சாமையும் எந்தக் காட்டுச் சாமையும் உறவு, இன்றைய பயிருக்கு உண்மையில் எத்தனை மூதாதைகள் விதை கொடுத்தன, இடையில் எப்போது விதை அருகிப்போனது என்பதையெல்லாம் இந்த எழுத்துகளை எண்ணித்தான் படிக்க முடியும். வேறுபாடு குறைந்திருந்தால் மூதாதைகள் குறைவு. தேர்வின் கண்ணில் படாத எழுத்து என்பதால் சாட்சி சொல்ல அதுவே ஏற்றது என்று நெடுநாள் நம்பினார்கள். அந்தச் சாட்சிக்கும் பக்கத்து வீட்டுத் தொல்லை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீடு

நம் எழுத்து பிறந்த அதே குரோமோசோமில், சில ஆயிரம் எழுத்துகள் தள்ளி, முந்தைய தலைமுறை ஒன்றில் விழுந்த வேறொரு பிழை இருக்கிறது. அது ஒரு நொதியைச் சற்றே மந்தமாக்குகிறது. செடி சாகாது, வாடாது. மற்றவை நூறு மணி பிடிக்கும் இடத்தில் இது தொண்ணூற்றாறு பிடிக்கும். கதிரைக் கையில் வாங்கிப் பார்க்கிற எவருக்கும் அந்த நான்கு மணிக் குறை தெரியாது. ஆனால் அடுத்த ஆண்டு தொண்ணூற்றாறில் மறுபடி நூற்றுக்கு நான்கு குறையும், அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. பதினேழு ஆண்டில் அந்த வம்சத்தின் பங்கு பாதியாகிவிடும்.

இந்தக் கணக்கின் வேரில் நிற்பவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1937இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று வியப்பான முடிவுக்கு வந்தது: ஒரு மக்கள்தொகை சுமக்கும் பாரம், தீங்கு எவ்வளவு கொடியது என்பதைப் பொறுத்தது அன்று, தீங்கான மாற்றங்கள் எத்தனை தோன்றுகின்றன என்பதைப் பொறுத்தது. கொடிய மாற்றம் உடனே அழிந்துவிடும். மெல்லிய தீங்கு பல தலைமுறை தங்கிப் பலரை மெல்லத் தொட்டபிறகே அழியும். கூட்டிப் பார்த்தால் இழப்பு ஒன்றுதான். அந்த ஹால்டேன் 1957இல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார்.

நம் எழுத்தைத் துரத்துவது அந்த மெல்லிய தீங்குதான்.

பூ

விலகிப் போக நம் எழுத்துக்கு ஒரு வழி உண்டு. மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பாடப்புத்தகத்தில் குறுக்கேற்றம் என்று படித்தது இதுவே. நம் எழுத்துக்கும் அதன் பக்கத்து வீட்டுக்கும் இடையே அந்த வெட்டு விழுந்தால், எழுத்து நல்ல குரோமோசோமுக்குக் குடிபோகலாம்.

ஆனால் சாமைப் பூ காலையில் கொஞ்ச நேரமே திறந்திருக்கும். பெரும்பாலும் தன் மகரந்தமே தன் சூல்முடியில் விழும். இப்படித் தன்னைத் தானே மணக்கும் செடியில், ஜோடிக் குரோமோசோம்கள் வேறுபடும் இடங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். பத்துத் தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிறகு வெட்டு விழுந்து என்ன பயன்? இரண்டு பக்கமும் ஒரே எழுத்து. ஒரே நிறக் கயிறு இரண்டை வெட்டி மாற்றி முடிவதுபோலத்தான்.

ஆகவே சாமைக்குள் ஒரு குரோமோசோமின் பெரும்பகுதி ஒரே மூட்டையாகப் பயணம் செய்கிறது. மூட்டையில் ஓர் அழுகல் இருந்தால் மூட்டையே போகும்.

இதை எண்ணால் பார்க்கலாம். வெட்டு மாற்று எதுவும் இல்லாத வம்சங்களை நினைத்துக்கொள்வோம். பத்துச் செடிக்கு ஒன்றில் புதிதாக ஒரு தீங்கு தோன்றுகிறது. ஒவ்வொரு தீங்கும் மணியை நூற்றுக்கு நான்கு குறைக்கிறது. தோன்றுவதும் அழிவதும் சமநிலைக்கு வரும்போது, ஒரு தீங்கும் இல்லாத செடிகள் நூற்றுக்கு எட்டுதான் இருக்கும். காடு நிறையச் செடிகள் பச்சைப்பசேல் என்று நின்றாலும், நெடுங்காலத்தில் வம்சம் விளங்கப்போவது அந்த எட்டு மட்டுமே. மற்ற தொண்ணூற்றிரண்டும் கொஞ்சம் முன்பின்னாக மறைந்துபோகும் வம்சங்கள். அவற்றுக்குள் இருக்கும் நடுநிலை எழுத்துகளும் அவற்றோடு மறையும்.

ஈ சொன்ன சாட்சி

மனிதர்கள் இதைக் கண்டுகொண்ட வழியும் வளைவுகள் நிறைந்தது. ஹால்டேனின் மாணவரான ஜான் மேனார்டு ஸ்மித், ஜான் ஹேக் என்பவரோடு சேர்ந்து 1974இல் வேறொரு பாதையைக் காட்டினார். மிக நல்ல மாற்றம் ஒன்று தோன்றி வேகமாகப் பரவினால், அதன் பக்கத்தில் இருந்த நடுநிலை எழுத்துகளும் தொற்றிக்கொண்டு பரவும். மற்றவை துடைத்தெறியப்படும் என்றார்கள். 1992இல் டேவிட் பெகன், சார்லஸ் அக்வாட்ரோ இருவரும் பழ ஈயின் மரபணுக்களை ஆராய்ந்து, துண்டு மாற்றம் எங்கே குறைவோ அங்கே வேறுபாடும் குறைவு என்று காட்டினார்கள். நல்ல மாற்றங்களின் அலைதான் துடைத்திருக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது.

1993இல் பிரையன் சார்ல்ஸ்வொர்த், மார்ட்டின் மார்கன், டெபோரா சார்ல்ஸ்வொர்த் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை இன்னொரு காரணத்தை முன்வைத்தது. நல்லது அபூர்வமாகத்தான் பிறக்கும்; கெட்டதோ அன்றாடம் பிறக்கும். ஓயாமல் நடக்கும் அந்தக் களையெடுப்பே போதும், பக்கத்து வேறுபாட்டைக் குறைக்க. இதற்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் பின்னணித் தேர்வு எனலாம். கோயில் மணி போல எப்போதோ ஒலிப்பதை விட்டு, எந்நேரமும் பின்னால் ஒலிக்கும் சுருதியைக் கேட்கச் சொன்ன கட்டுரை அது. மனித மரபணுத் தொகுதியிலும் இதே சுவடு உண்டு. 2009இல் வந்த ஆய்வு ஒன்று, நம் உடற்குரோமோசோம்களில் நடுநிலை வேறுபாடு 19 முதல் 26 விழுக்காடு வரை இப்படிக் குறைந்திருக்கிறது என்று மதிப்பிட்டது.

தொம்பை

மறுபடி மலைக்கு வருவோம். அறுவடை முடிந்து விதைக்கு எடுத்துவைக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. நன்றாக விளைந்த, மணி திரண்ட கதிர்களைப் பார்த்துப் பொறுக்குவார்கள். விதை தொம்பைக்குப் போகும். மண் பூசிய, பழைய முறைத் தானியக் களஞ்சியம் அது. அந்தக் கண்களுக்குக் கதிரின் கனம் தெரியும், நிறம் தெரியும், சாய்ந்த செடி எது, நின்ற செடி எது என்பது தெரியும். நம் எழுத்து தெரியாது. ஆனாலும் அவர்கள் ஒதுக்கும் ஒவ்வொரு மெலிந்த கதிரிலும் ஆயிரம் எழுத்துகள் ஒதுங்குகின்றன.

இதனால் விதை பொறுக்குவது தவறு என்று சொல்ல வரவில்லை. பொறுக்காவிட்டால் பயிர் தலைமுறைக்குத் தலைமுறை மெலிந்துகொண்டே போகும். களை எடுத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு என்பதும், அந்த விலையைத் தாங்கப் பரப்பு வேண்டும் என்பதும்தான் சொல்ல வந்தது. நூறு காடுகளில் விதைத்த சாமையில், நூற்றுக்கு எட்டு என்றாலும் எண்ணற்ற சுத்தமான வம்சங்கள் மிஞ்சும். வெவ்வேறு காட்டில் வெவ்வேறு எழுத்துகள் தப்பும். ஒரே காட்டில் ஒடுங்கிவிட்டால் அந்த எட்டு என்பது கைவிரலால் எண்ணக்கூடிய அளவாகிவிடும்.

அடுத்த நாடு

நம் எழுத்துக்கு அதிர்ஷ்டம் வரும் இடம் இது. கொல்லிமலையில் விதை ஒரே வீட்டில் தங்குவதில்லை. ஒருவர் காட்டில் மழை பொய்த்தால் உறவுக்காரர் வீட்டுத் தொம்பை திறக்கும். பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் என்று விதை நாடு விட்டு நாடு போகும். வாங்கியவர்கள் விளைந்த பிறகு கூடுதலாகவே திருப்பித் தருவார்கள்.

நம் மணியின் வம்சம் சேலூர் நாட்டு விதையோடு கலந்து, தேவனூர் நாட்டுச் சரிவில் விதைபட்டதாக வைத்துக்கொள்வோம். பக்கம் பக்கமாக இரண்டு ஊர் வம்சங்கள். ஒரு காலையில் காற்று, பூ திறந்திருக்கும் அந்தச் சிறுபொழுதில், ஓர் அயல் மகரந்தத் தூளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இது அரிது, ஆனால் நடப்பது. அந்தப் பூவில் பிறந்த மணிக்குள் முதல்முறையாக இரு வேறு கயிறுகள் சேர்கின்றன. அது முளைத்துப் பூக்கும்போது குறுக்கேற்றம் நடந்து, வெட்டு சரியான இடத்தில் விழுகிறது. நம் எழுத்து அந்தத் தீங்கிலிருந்து பிரிந்து, சுத்தமான மூட்டைக்குள் போய்ச் சேர்கிறது.

களை பறிக்கும் அனுபவசாலிகள், கூட வந்துவிட்ட பயிரை உடனே எறிய மாட்டார்கள். மண் ஈரமாக இருந்தால் வேரை மெல்லப் பிரித்துப் பயிரைச் சந்து விழுந்த இடத்தில் ஊன்றிவிடுவார்கள். உயிர்த்தால் உயிர்த்தது. குறுக்கேற்றம் செய்வது இந்த வேலையைத்தான். அந்தக் கைக்கு வேலை கிடைக்க வேண்டுமானால், வேறுபட்ட விதைகள் ஒரே சரிவில் சந்திக்க வேண்டும். விதை கொடுக்கல் வாங்கல் என்பது பசிக்கு உதவும் பழக்கமாகத் தொடங்கியிருக்கலாம். ஆனால் எழுத்துகளைக் காப்பாற்றும் வேலையையும் அதுவே செய்துவந்திருக்கிறது.

குச்சி

1970களுக்குப் பிறகு மலைக்குக் குச்சிக்கிழங்கு பெருவாரியாக வந்தது. சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கின. கையில் காசு புரண்டது. சாமையோ விளைந்த பிறகும் உரலில் இட்டு உலக்கையால் குத்தி உமி நீக்க வேண்டிய தானியம். அந்த உழைப்பு முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. ரேஷன் அரிசி மலையேறியதும் அந்தப் பாடு எதற்கு என்று தோன்றியதில் நியாயம் இருக்கிறது. மேட்டுக்காடுகள் ஒவ்வொன்றாகக் கிழங்குக் காடுகளாயின. சாமை ஓரத்துக்கு ஒதுங்கியது.

சாமையை ஒதுக்கிய அந்தக் கிழங்கே நம் கதையின் மறுபாதியையும் சொல்கிறது. குச்சிக்கிழங்குக்கு விதை விதைப்பதில்லை. தண்டை வெட்டி, குச்சியாக நடுகிறோம். பூவும் மகரந்தமும் அங்கே வேலை செய்வதில்லை. ஒரே செடியின் படிகள்தான் காடு முழுவதும். 2017இல் பயிர் வகைகளும் காட்டு உறவுகளுமாக 241 கிழங்குச் செடிகளின் மரபணுத் தொகுதியைப் படித்த ஆய்வு, குச்சி நடும் பழக்கம் தீங்கான மாற்றங்களை வெளியேறவிடாமல் தேக்கிவைக்கிறது என்று காட்டியது. ஜோடியில் ஒன்று கெட்டாலும் மற்றது மறைத்துக்கொள்ளும். வெளியே தெரியாது, உள்ளே சேர்ந்துகொண்டே போகும்.

சாமையில் களையெடுப்பு கூடுதல். கிழங்கில் களையெடுப்பு போதவில்லை. இரண்டுக்கும் தேவைப்படுவது ஒன்றே: வேறுபட்டவை சந்தித்துக் கலக்க ஓர் இடம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஜப்பானிய அறிஞர் டோமோகோ ஓட்டா 1973இல் விளக்கியது அது. மெல்லிய தீங்கைத் தேர்வு அடையாளம் காண, எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு தீங்கு செய்யும் மாற்றம், லட்சம் மூதாதைகள் உள்ள பயிரில் நிச்சயம் பிடிபடும். நூறு மூதாதைகளே மிஞ்சிய பயிரில் அது நடுநிலை எழுத்தைப் போலவே நடமாடி, தற்செயலாகப் பயிர் முழுவதும் நிலைத்துவிடலாம். காடு சுருங்கும்போது நல்லவை அழிவதோடு நிற்பதில்லை. களை எடுக்கும் கைக்கே கண் மங்கிவிடுகிறது.

திரும்பி வந்த விதை

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலைக்கு வந்தது. மலைக்காரர்களிடம் எந்தச் சாமை எந்த வீட்டில் மிஞ்சியிருக்கிறது என்று கேட்டுப் பட்டியலிட்டது. ஊர்தோறும் விதை வங்கிகள் அமைந்தன. தொம்பைகள் மறுபடி உயிர்பெற்றன. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வந்ததால் உலக்கை ஓய்ந்தது. பாதுகாப்பது, பயிரிடுவது, உண்பது, விற்பது என்ற நான்கும் ஒன்றாக நடந்தால்தான் பயிர் பிழைக்கும் என்பது அந்த நிறுவனம் எடுத்த நிலை. சுவாமிநாதன் மறைந்தது 2023இல். ஐ.நா. அந்த ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது.

அந்த நான்கில் பயிரிடுவதை நான் அழுத்திச் சொல்வேன். குளிரூட்டிய அறையில் வைத்த விதை அப்படியே இருக்கும். அங்கே பூ இல்லை, காற்று இல்லை, அயல் மகரந்தம் இல்லை, களை பறிக்கும் கையும் இல்லை. அவசரத்துக்குக் கைகொடுக்க அந்த அறை வேண்டும். ஆனால் ஒரு தீங்கைக் கழித்து, அதன் பக்கத்து எழுத்தை மட்டும் பிரித்து ஊன்றும் வேலை, சரிவில் விதைத்தால்தான் நடக்கும். அதுவும் பல சரிவுகளில், பல வீடுகளில், விதை கைமாறிக்கொண்டே இருந்தால்தான்.

நம் எழுத்து இப்போது எங்கே இருக்கும்? விதை வாங்கிப் போன வீடு கிழங்குக்கு மாறியிருந்தால், அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். எங்கோ ஓர் ஓரக்காட்டில், அவரைக் கொடிக்கும் ஆமணக்குக்கும் நடுவில், அரைக்காணி வெள்ளப்பெருஞ்சாமை மிஞ்சியிருந்தால், அந்தக் கதிர்களில் ஒன்றில் அது இருக்கலாம். பொங்கி இலையில் வைக்கிற சாமைச் சோற்றில் அதற்கு ருசி கிடையாது. விதைக்கென்று பொறுக்குபவர் கண்ணுக்கும் தெரியாது. அவர் செய்ய வேண்டியதெல்லாம், அடுத்த நாட்டிலிருந்து யாராவது ஒரு படி விதை கேட்டு வந்தால் தொம்பையைத் திறந்து கொடுப்பதுதான்.